குரோசேப் பின்னலின் பரிபாஷை

கைத்தொழில் ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிச் செல்லும் மார்க்கங்கள் இரண்டு: கண்டு பழகுதல் ஒன்று, வாசித்துப் பழகுதல் மற்றொன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பன்னவேலை முதலாவது மார்க்கத்திலேயே வாழ்ந்து வந்திருக்கிறது. பனையின் குருத்தோலையை வார்ந்து, சாயமிட்டு, கடகமும் நீத்துப்பெட்டியும் சுளகும் பாயும் இழைத்த கைகள், அருகிலிருந்து பார்த்த சிறுமியின் கைகளுக்குத் தம் வித்தையை எழுத்தின் துணையின்றியே ஒப்புவித்தன. ஒற்றைக் கொக்கி ஊசியும் ஒரு நூற்பந்தும் மாத்திரமே கொண்டு செய்யப்படுகிற குரோசேப் பின்னலோ, கடல் கடந்து இங்கே வந்தபோது, தனக்கென்று ஓர் எழுத்துமுறையையும் உடன்கொண்டு வந்தது. அந்த எழுத்துமுறைக்கே பலர் அஞ்சுகின்றனர். அதன் உள்ளமைப்பை விளக்கி, அந்த அச்சத்திற்குக் காரணமில்லை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது பிரதேசத்திலே ஊசிவேலை பெண்கல்வியின் சரித்திரத்தோடு இணைந்து வளர்ந்தது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824ஆம் ஆண்டில் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். 1840இல் அங்கே வந்து சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனை நடத்தினார். 1834இல் தோன்றிய வேம்படி மகளிர் பாடசாலையும், பின்னாளில் 1913இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் கல்லூரியும் குடாநாட்டுப் பெண்கல்வியின் ஏனைய தூண்களாம். எழுத்தும் எண்ணும் கற்பித்த அக்காலப் பெண்பாடசாலைகளில் ஊசிவேலையும் பாடத்தின் ஓர் அங்கமாக இருந்தது. அவ்வரிசையில் குரோசேயும் இடம்பெற்று, மேசை விரிப்பாகவும், கதிரையின் முதுகுத் துணியாகவும், கைக்குட்டையின் ஓரமாகவும், குழந்தையின் தொப்பியாகவும் நமது வீடுகளிலே குடிபுகுந்தது.

ஐரோப்பாவிலே இந்தப் பின்னல் அச்சியந்திரத்தின் துணைகொண்டே விரிந்தது. 1840களில் லண்டன் மாநகரில் ரியேகோ தெ லா பிராஞ்சார்டியேர் என்ற பெண்மணி குரோசே மாதிரிகளைப் புத்தகங்களாக வெளியிடத் தொடங்கினார். அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் பீடித்தபோது, குரோசே லேஸ் அந்நாட்டின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஜீவனோபாயமாயிற்று. ஆதியில் மாதிரிகள் நீண்ட வசனங்களாகவே எழுதப்பட்டன. ஆனால் ஒரு சிறு விரிப்புக்குக் கூட நூற்றுக்கணக்கான அசைவுகள் வேண்டியிருக்கையில், ஒவ்வோர் அசைவையும் முழு வாக்கியமாக அச்சிட்டால் புத்தகம் பெருக்கும். வாசிப்பவரின் கண்ணும் வழிதவறும். ஆகவே, அடிக்கடி வரும் சொற்கள் முதலெழுத்துக்களாகச் சுருங்கின. அச்சுருக்கங்கள் காலப்போக்கில் ஒரு பரிபாஷையாக உறுதிபெற்றன.

எழுத்துக்களைக் கற்பதற்கு முன்னர் அவை குறிக்கும் பொருளை அறிதல் வேண்டும். பின்னல்களுள் நிற்றிங் என்று சொல்லப்படும் கம்பளிப் பின்னலில் ஒரு வரியின் எல்லா வளையங்களும் ஒரே சமயத்தில் ஊசியின்மேல் திறந்து நிற்கும். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ளவை வரிசையாக அவிழும். குரோசேயிலோ, ஒரு கண்ணி முற்றுப்பெற்றவுடன் ஊசியில் மிஞ்சுவது ஒரேயொரு வளையந்தான், ஏனையவெல்லாம் பூட்டப்பட்டுவிடும். இதனால், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே தொடங்கித் தனித்தனியே முடியும் ஒரு முழுச் செயலாக நிற்கிறது. குரோசேயின் சங்கேதங்கள் இவ்வளவு தெளிவாக அமைய இயன்றதற்கு ஆதாரம் இதுவே: முற்றுப்பெற்ற செயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டால் போதும்.

அந்தச் செயல்கள் எண்ணிக்கையிற் சிலவே. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, உள்ளே நிற்கும் வளையத்தின் ஊடாக இழுத்தால் அது சங்கிலி. ஆங்கிலச் சுருக்கம் சி.எச். ஊசியை முன்வரியின் கண்ணியொன்றிலே நுழைத்து, நூலைச் சுற்றி இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி அவ்விரண்டின் ஊடாகவும் இழுத்துவிட்டால் மிகக் குறுகிய கண்ணி பிறக்கும். ஊசியை நுழைப்பதற்கு முன்னரே நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டால் வளையங்கள் மூன்றாகும். அவற்றை இரண்டிரண்டாக இருமுறை இழுத்து முடிக்கும்போது முன்னதைப் போல ஏறக்குறைய இருமடங்கு உயரமுள்ள கண்ணி உண்டாகும். அந்த மூன்றையும் ஒரே இழுப்பில் முடித்துவிட்டால் இடைத்தரமான அரைக்கண்ணி கிடைக்கும். முன்கூட்டியே இருமுறை சுற்றினால் வளையங்கள் நான்கு, இழுப்புகள் மூன்று, உயரம் இன்னும் அதிகம். ஆக, அரைக்கண்ணி நீங்கலாக, கண்ணியின் உயரத்தை நிர்ணயிப்பது ஊசியை நுழைக்குமுன் நூலைச் சுற்றும் எண்ணிக்கையே என்பது பெறப்படும். இந்த ஓர் உண்மையை மனத்திலிருத்திக்கொண்டவருக்கு மேல்வருபவை யாவும் இலகுவாகும்.

இனி, மிகுந்த குழப்பத்தை விளைவிக்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரே கண்ணிக்கு அமெரிக்கர் ஒரு பெயரும் பிரித்தானியர் மற்றொரு பெயரும் இட்டிருக்கின்றனர். சுற்றில்லாத குறுங்கண்ணியை அமெரிக்கர் எஸ்.சி. என்று எழுத, பிரித்தானியர் டி.சி. என்று எழுதுவர். ஒருமுறை சுற்றிய கண்ணி அமெரிக்க மாதிரியில் டி.சி. ஆகவும், பிரித்தானிய மாதிரியில் ரி.ஆர். ஆகவும் வரும். இருமுறை சுற்றியது அமெரிக்க மாதிரியில் ரி.ஆர்.; பிரித்தானிய மாதிரியில் டி.ரி.ஆர். அரைக்கண்ணியும் அவ்வாறே எச்.டி.சி. என்றும் எச்.ரி.ஆர். என்றும் இருவேறாக நிற்கும். இருதேசத்துப் பெயர் வரிசைகளும் ஒரு படி விலகி நிற்பதால், டி.சி. என்ற எழுத்துக்களைக் கண்டவுடன் அது எந்தக் கண்ணி என்று சொல்லிவிட எவராலும் இயலாது. அம்மாதிரி எந்த நாட்டு வழக்கில் எழுதப்பட்டது என்பதும் தெரியவேண்டும்.

இது நமக்குத் தூரத்து விவகாரமன்று. பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்துகொண்டே அமெரிக்க மிஷனின் கல்வியையும் பெற்ற நாடு யாழ்ப்பாணம்; இக்காலத்திலோ அதன் பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். லண்டனிலிருக்கும் மச்சாள் அனுப்பும் மாதிரி பிரித்தானிய வழக்கிலும், ரொறன்ரோவிலிருக்கும் அக்கா அனுப்புவது பெரும்பாலும் அமெரிக்க வழக்கிலும் இருக்கும். அவுஸ்திரேலியாவின் பழைய வழக்கு பிரித்தானியாவைத் தழுவியது. இரண்டையும் பேதமின்றி வாசித்தால், ஒரு முழம் நீளவேண்டிய விரிப்பு அரை முழத்தில் முடிந்துபோகும். பின்னியவர் தம் கையையே நொந்துகொள்வார். குறை கையிலன்று, வழக்கைக் கவனியாமையிலேதான் இருக்கிறது.

வழக்கை நிச்சயிப்பதற்கு நம்பத்தக்க அடையாளங்கள் சில உண்டு. எஸ்.சி. என்ற சுருக்கம் வருமாயின் அது அமெரிக்க மாதிரி என்று கொள்ளலாம்; ஏனெனில் இன்றைய பிரித்தானிய வழக்கில் அப்பெயருள்ள கண்ணி இல்லை. மிகப் பழைய பிரித்தானியப் புத்தகங்களில் மாத்திரம் அச்சொல், உயரமின்றி இணைக்க மாத்திரம் உதவும் இணைப்புக் கண்ணியைக் குறித்து வருவதுண்டு. கண்ணிகளை விட்டுவிட்டுச் செல் என்பதற்கு அமெரிக்கர் ஸ்கிப் என்றும் பிரித்தானியர் மிஸ் என்றும் எழுதுவர். பின்னலின் நெருக்க அளவை அமெரிக்கர் கேஜ் என்றும் பிரித்தானியர் ரென்ஷன் என்றும் சொல்வர். இவை யாவும் இல்லாவிடத்தும் துணைசெய்யக்கூடிய உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஒரு வரி முடிந்து மறுவரி தொடங்கும்போது, அவ்வரியின் உயரத்துக்கு ஏறுவதற்காகச் சில சங்கிலிகள் போடப்படும். சுற்றில்லாத குறுங்கண்ணிக்கு 1 சங்கிலி, அரைக்கண்ணிக்கு 2, ஒருசுற்றுக் கண்ணிக்கு 3, இருசுற்றுக் கண்ணிக்கு 4 என்பது பொது நியமம். மாதிரியில் 3 சங்கிலி ஏறி டி.சி. தொடருமானால் அது அமெரிக்க வழக்கு. 1 சங்கிலி ஏறி டி.சி. தொடருமானால் பிரித்தானிய வழக்கு. பெயர்கள் மயக்கினாலும் ஏறும் சங்கிலியின் எண் பொய் சொல்லாது.

கண்ணிகளின் பெயர்கள் இப்பரிபாஷையின் சொற்கள் என்றால், அதன் இலக்கணம் நட்சத்திரக் குறியிலும் அடைப்புக்குறியிலும் அடங்கியிருக்கிறது. நட்சத்திரக் குறி, ‘இங்கிருந்து திரும்பச் செய்’ என்பதன் அடையாளம். நமது முன்னோர் உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் மேற்படி என்பதற்கு ௸ என்ற குறியை இட்டு, ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுதாது விட்டனரல்லவா? அதே சிக்கனமே இங்கும் தொழிற்படுகிறது. அடைப்புக்குறிக்குள் வரும் கண்ணிகள் பெரும்பாலும் ஒரே இடத்திலே, ஒரே துவாரத்திலே போடப்படவேண்டியவை. வரியின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் எண்ணோ, செய்யவேண்டிய வேலை அன்று. அவ்வரி முடிந்தபோது இருக்கவேண்டிய கண்ணிகளின் மொத்தத் தொகை. அந்த எண்ணை எண்ணிச் சரிபார்ப்பவர் பிழையை அது பிறந்த வரியிலேயே பிடித்துவிடுவர். எண்ணாது செல்பவர் பத்து வரிகளுக்குப் பின்னர் அவ்வளவையும் அவிழ்க்க நேரும்.

இந்த இலக்கணம் எப்படித் தொழிற்படுகின்றது என்பதை ஒரு வரியைப் பிரித்துப் பார்த்து அறிவோம். சிப்பி போன்று விரியும் பிரசித்தமான மாதிரி ஒன்று, சங்கிலிகளின் தொகை 6இன் மடங்கும் 2உம் ஆக இருக்கவேண்டும் என்று தொடங்கும். பத்துச் சிப்பிகள் வேண்டுமாயின் 62 சங்கிலிகள். பின்பு கட்டளை இவ்வாறு செல்லும்: ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஒரு குறுங்கண்ணி, நட்சத்திரம், இரண்டு சங்கிலிகளை விட்டுவிடு, அடுத்ததில் ஐந்து ஒருசுற்றுக் கண்ணிகள், மீண்டும் இரண்டை விடு, அடுத்ததில் ஒரு குறுங்கண்ணி, நட்சத்திரத்திலிருந்து வரி முடியும் வரை திரும்பச் செய். ஒவ்வொரு திருப்பத்திலும் செலவாகிய சங்கிலிகளை எண்ணினால், விட்டவை நான்கு, சிப்பி நின்றது ஒன்று, குறுங்கண்ணி நின்றது ஒன்று, ஆக 6. பிறந்த கண்ணிகளை எண்ணினால் சிப்பியில் 5, குறுங்கண்ணி 1, ஆக 6. செலவும் வரவும் சமமாதலால், துணி எத்தனை வரிகள் உயர்ந்தாலும் அகலம் மாறாது. முதல் வரியின் முடிவில் 61 கண்ணிகள் நிற்கும். 6இன் மடங்கு என்ற நிபந்தனை ஏன் விதிக்கப்பட்டது என்பதும், மேலதிகமான 2 எதற்கு என்பதும் இப்போது தெளிவாகும்: முதற் குறுங்கண்ணிக்கு ஒன்று, ஊசி ஏறுவதற்கு ஒன்று. எழுதியவரின் மனத்தில் இருந்த கணிதம் வாசிப்பவரின் மனத்திலும் விளங்கிவிட்டால், அச்சில் ஓர் எழுத்துத் தவறியிருந்தாலும் அதைத் தாமே திருத்திக்கொள்ளலாம்.

வட்டமாகப் பின்னும்போது இந்தக் கணிதம் இன்னும் அழகாகத் தோற்றும். மேசை விரிப்பின் நடுப்பாகம் குறுங்கண்ணியால் தொடங்குமாயின் மாதிரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதல் வட்டத்தில் 6, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18, பத்தாவதில் 60. ஒவ்வொரு வட்டத்திலும் சரியாக 6 கண்ணிகள் கூடுகின்றன. ஏன் ஆறு? வட்டத்தின் பரிதி, ஆரையின் 6.28 மடங்கு என்பது பாடசாலையிலே நாம் கற்றது. குறுங்கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். ஆதலால் ஒரு வட்டம் கூடும்போது ஆரை ஒரு கண்ணியளவு நீளும், பரிதியோ 6.28 கண்ணியளவு நீளவேண்டும். நூல் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும் ஆகையால் 6 கூட்டினாற் போதும். உயரம் இருமடங்கான ஒருசுற்றுக் கண்ணியாற் பின்னினால் அதே நியாயத்தின்படி 12 கூட்டவேண்டும். கண்ணியைக் கூட்டு என்பதன் சுருக்கமான ஐ.என்.சி., ஒரே கண்ணியில் இரண்டு போடுவதைக் குறிப்பதாகும். அச்சுருக்கம் வரியில் எத்தனை முறை வருகின்றது என்று எண்ணினாலே, பின்னப்போகும் பொருள் தட்டையாக இருக்குமா, குழியுமா, சுருங்கி மடியுமா என்பதை ஊசியை எடுக்குமுன் சொல்லிவிடலாம்.

கூட்டவேண்டிய அளவிலும் குறைவாகக் கூட்டினால் ஓரம் உள்வாங்கிக் குழந்தையின் தொப்பியாகும். அதிகமாகக் கூட்டினால் ஓரத்துக்கு இடம் போதாமல் அது அலையலையாக மடியும். எல்லாக் கண்ணிகளிலும் இரண்டிரண்டாகப் போட்டுச் சென்றால் 6இல் தொடங்கியது பத்தாவது வட்டத்தில் 3072 ஆகிவிடும். தட்டையான வட்டத்துக்கு வேண்டியது 60 மாத்திரம் என்பதை நினைத்தால் அதன் மடிப்பு எத்தகையது என்பது விளங்கும். இவ்வாறு மடியும் தளத்தைத்தான் கணிதர்கள் அதிபரவளையத் தளம் என்கின்றனர். யூக்ளிட்டின் கேத்திரகணிதத்துக்கு அப்பாற்பட்ட அத்தளத்தைக் கையிலே எடுத்துப் பார்க்கத்தக்க உறுதியான உருவமாகச் செய்வது நெடுங்காலம் கடினமாயிருந்தது. லத்வியா நாட்டில் பிறந்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா தைமினா என்ற பெண்மணி 1997ஆம் ஆண்டில், குறித்த எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒருமுறை ஒன்றைக் கூட்டுவது என்ற ஒரேயொரு விதியைக் கொண்டு அதனைக் குரோசேயிலே பின்னிக் காட்டினார். மார்கரெட் வேர்தைம், கிறிஸ்டீன் வேர்தைம் என்ற சகோதரிகள் 2005ஆம் ஆண்டில் அந்த விதியையே ஆதாரமாகக் கொண்டு பவளப்பாறைகளை நூலாற் பின்னும் ஒரு முயற்சியைத் தொடங்கினர். பல தேசத்துப் பெண்கள் அதிற் பங்கெடுத்தனர். சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்து, தன் தீவுகளைச் சூழப் பவளப்பாறைகளையும் கொண்டுள்ள நமது குடாநாட்டாருக்கு, கடலடியில் அந்த உயிர்கள் மடிந்து மடிந்து வளரும் முறையும் ஒரு பின்னல் வரியில் எழுதக்கூடியதே என்ற செய்தி விசேஷ ஆனந்தம் தரவேண்டும்.

எழுத்துக்களை நீக்கிச் சித்திரத்தாலே மாதிரியை உணர்த்தும் முறையொன்றும் உண்டு. ஜப்பானியப் புத்தகங்கள் அதைச் சிறப்பாகக் கையாளுகின்றன. அங்கே சங்கிலி ஒரு நீள்வட்டம். இணைப்புக் கண்ணி ஒரு புள்ளி. குறுங்கண்ணி ஒரு சிலுவைக் குறி. உயர்ந்த கண்ணிகள் நெடுங்கோட்டின் தலையில் ஒரு கிடைக்கோடும், உடலில் குறுக்குக் கீற்றுக்களுமாக நிற்கும். அந்தக் கீற்றுக்களின் தொகையே ஊசியை நுழைக்குமுன் நூலைச் சுற்றவேண்டிய தொகை: ஒரு கீற்று ஒருமுறை, இரு கீற்று இருமுறை. ஜப்பானிய மொழியில் ஓர் அட்சரமும் அறியாத ஒருவர் அச்சித்திரத்தைப் பார்த்துப் பின்னிவிட முடிகிறதென்றால், அதன் காரணம் அது தேசத்துக்குத் தேசம் மாறும் பெயரை விட்டு, எங்கும் மாறாத கைச்செயலைக் குறித்திருப்பதேயாம். அமெரிக்க, பிரித்தானியக் கலகம் அங்கே நுழைய வழியில்லை.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்து, அதற்கு வேண்டிய கலைச்சொற்களைத் தொகுத்து, தம் மாணவரைக்கொண்டு நூல்களையும் வெளியிட்டார். மனித உடம்பின் எலும்பையும் நரம்பையும் பெயரிட்டுக் கூறத் தமிழுக்கு அக்காலத்திலேயே இயன்றதென்றால், பத்துப் பன்னிரண்டு கண்ணிகளைப் பெயரிட்டுக் கூற இக்காலத்தில் இயலாதா? ஒற்றை, இரட்டை என்று ஆங்கிலப் பெயர்களை அப்படியே பெயர்த்தால் அவர்களுடைய குழப்பத்தையும் சேர்த்தே வாங்கியவராவோம். சுற்றின் எண்ணிக்கையையே பெயராக வைப்பதுதான் முறை. சங்கிலிக்கு ச, இணைப்புக் கண்ணிக்கு இ, அரைக்கண்ணிக்கு அ, சுற்றில்லாத குறுங்கண்ணிக்கு க0, ஒருசுற்றுக்கு க1, இருசுற்றுக்கு க2, முச்சுற்றுக்கு க3. மேலே நீளமாக விவரித்த சிப்பி வரி இம்முறையில் பின்வருமாறு சுருங்கும்:

ச 62, 2ஆம் ச-வில் க0, * 2 விடு, அடுத்ததில் 5 க1, 2 விடு, அடுத்ததில் க0, *-இலிருந்து திரும்ப (61).

இவ்வரியை ஆங்கிலம் அறியாத ஒரு தாயும் வாசிக்கலாம். அமெரிக்க மாதிரியிலிருந்து பெயர்த்தாலும் பிரித்தானிய மாதிரியிலிருந்து பெயர்த்தாலும் கிடைப்பது இந்த ஒரே வரிதான். எழுதியவர் பருத்தித்துறையில் இருந்தாலென்ன, வாசிப்பவர் பாரிஸில் இருந்தாலென்ன, இருவர் கையிலும் ஒரே சிப்பி மலரும்.

பாடசாலைகளில் மனையியல் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கும், கிராமங்களிலே பெண்களுக்குக் கைப்பணி பயிற்றும் மாதர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். கண்ணிகளைக் கற்பிக்கும் முதல் வகுப்பிலேயே சுற்றின் எண்ணிக்கையையும், ஏறும் சங்கிலியின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கற்பியுங்கள். சுருக்கெழுத்துக்களின் அட்டவணை ஒன்றைத் தமிழ், அமெரிக்கம், பிரித்தானியம் என்னும் மூன்று நிரல்களாக எழுதிச் சுவரிலே தொங்கவிடுங்கள். வரியின் இறுதியெண்ணை எண்ணிச் சரிபார்க்கும் வழக்கத்தை மாணவியருக்குப் பழக்குங்கள். உங்கள் கைவசமுள்ள பழைய மாதிரிகளை, அவை நூலாக மாத்திரம் நின்று இற்றுப்போகுமுன், வரி வரியாக எண்ணித் தமிழிலே எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதப்பட்ட மாதிரியைக் கொண்டு, கண்டு பழகுவதற்கு அருகில் ஒருவரும் இல்லாத பிள்ளையும் இவ்வித்தையைக் கற்றுக்கொள்ளலாம்.